வெந்தய வாசமும் குதிகால் ரத்தமும்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 26. தாய்மாமனைக் கட்டியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் முதல் பிரசவம். ஆண் குழந்தை, 3 கிலோ, பிறந்ததும் வீறிட்டு அழுதான். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தான். மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து மார்பில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் உடம்பு துணி மாதிரி துவண்டது. நடுநடுவே வில்லாக வளைந்து விறைத்தான், சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை ஆட்டினான். தீவிர சிகிச்சையில் வைத்துப் பார்த்தும் ஒன்பதாம் நாள் போய்விட்டான். அறிக்கையில் ‘ரத்தத்தில் கிருமித் தொற்று’ என்று இருந்தது. ஆனால் கல்ச்சர் பரிசோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை.

இப்போது 14 வாரக் கர்ப்பம். மெட்டபாலோமிக்ஸ் (உடம்பின் சிறு வேதிப்பொருள்களை மொத்தமாக அளப்பது) முறையில் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்தே நூற்றுக்கும் மேற்பட்ட பிறவி நோய்களைச் சொல்லிவிடுவதாக ஒரு தனியார் ஆய்வகத்தின் விளம்பரத்தைக் கணவர் கொண்டுவந்திருக்கிறார். அதைச் செய்தால் போதுமா? வயிற்றில் இருக்கும்போதே தெரியுமா? ரத்த வகை வேறு வேறாக இருப்பதால் சொந்தத்தில் கட்டியதில் பிரச்சினை இல்லை என்று உறவினர்கள் சொல்வது சரியா? முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இனி வராது என்கிறார்களே, நம்பலாமா? பிறவி நோய்தான் என்றால் சிகிச்சை இருக்கிறதா? இவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: ‘எங்க அம்மாச்சி மட்டும், பிள்ளையோட மூத்திரத் துணியில வெந்தய வாடை அடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. யாரும் காதுல வாங்கல.’

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். உங்கள் பிள்ளையை இழந்த துக்கத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் இந்த ஒரு வரியை வைத்து உங்களுக்கு ஒரு வழி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நாம் சாப்பிடும் புரதத்தில் லூசின், ஐசோலூசின், வாலின் என்று மூன்று அமினோ அமிலங்கள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் லூசின் ரத்தத்தில் ஏறி மூளையை வீங்கவைக்கும். 1954-ல் அமெரிக்காவில் ஜான் மெங்கிஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரே குடும்பத்தில் நான்கு குழந்தைகள் பிறந்து மூன்று மாதத்துக்குள் இறந்ததைப் பதிவு செய்தார்கள். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் மேப்பிள் மரத்துப் பாகின் வாசனை அடித்தது. அங்கே வீட்டுக்கு வீடு அந்தப் பாகு இருக்கும் என்பதால் நோய்க்கும் ‘மேப்பிள் பாகு சிறுநீர் நோய்’ என்றே பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் அதே வாசனையை மோந்தவர்கள் வெந்தயம் என்பார்கள், கருகின வெல்லப்பாகு என்பார்கள். இரண்டும் சரிதான். சோட்டோலோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் வெந்தயத்துக்கும் இந்தக் குழந்தைகளின் சிறுநீருக்கும் அந்த மணத்தைத் தருகிறது.

இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் பால் மறுப்பது, துவள்வது, இடையில் வில்லாக வளைவது, சைக்கிள் மிதிக்கும் அசைவு, கிருமி வளராத கல்ச்சர், அதோடு இந்த வாசனை. எல்லாம் சேர்ந்து இந்த நோயின் பக்கம் கை காட்டுகின்றன. கை காட்டுகின்றன என்றுதான் சொல்கிறேன், முடிவு சொல்லவில்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் வெந்தயக்களி சாப்பிட்டீர்களா? தாய் வெந்தயம் சாப்பிட்டதால் ஆரோக்கியமான குழந்தையிடமும் இதே வாசனை வந்து மருத்துவர்கள் பதறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் இதை மறக்காமல் யோசித்து, நீங்கள் பார்க்கப்போகும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிருமித் தொற்று என்று எழுதிய மருத்துவர் மேல் உங்கள் வீட்டில் கோபம் இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தாலும் இப்படித்தான் பால் மறுக்கும், துவளும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேட வேண்டும் என்று தோன்றினால்தான் தேடுவார்கள். அந்த எண்ணம் இன்னும் பரவலாக வரவில்லை என்பது எங்கள் துறையில் பலருக்கும் இருக்கும் வருத்தம்.

மெட்டபாலோமிக்ஸ் என்ன பார்க்கிறது

உங்கள் ஊர்ப்பக்கம் பருப்பு மில் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு இயந்திரம் நின்றுபோனால் அதற்கு முன்னால் உடைக்காத உளுந்து குவியும், அதற்குப் பின்னால் இருக்கும் சாக்கில் பருப்பு விழாது. எங்கே குவிந்திருக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது என்று பார்த்தே எது நின்றது என்று சொல்லிவிடலாம். உடம்பிலும் அப்படித்தான். ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கும் சிறு வேதிப்பொருள்களை அளந்து, எந்த நொதி நின்றுபோனது என்று ஊகிப்பதுதான் இந்தப் பரிசோதனை.

இதற்கு முன்னோடியே மூக்குதான். 1934-ல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளிடமும் விநோதமான வாடை அடிப்பதாகச் சொல்லிச் சொல்லி மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். ஃபோலிங் என்ற மருத்துவர்தான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சிறுநீரைச் சோதித்தார். ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற நோய் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டை வடிதாளில் உலரவைத்து அந்த நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். 1990-களில் வேதிப்பொருள்களை அவற்றின் எடையை வைத்து அடையாளம் காணும் டாண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்தபின், அதே உலர்ந்த சொட்டில் பல நோய்களை ஒரே ஓட்டத்தில் பார்க்க முடிந்தது. உங்கள் அம்மாச்சி சொன்னதும் அந்த நார்வே தாய் சொன்னதும் ஒன்றுதான்.

தொப்புள்கொடி ரத்தம் ஏன் போதாது

விளம்பரத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது இதுதான். வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் ரத்தத்தில் சேரும் கழிவை நஞ்சுக்கொடி வழியாக உங்கள் உடம்பு வாங்கிச் சுத்தம் செய்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் மகன் 3 கிலோவில், அழுகையோடு, குறையில்லாமல் பிறந்தான். தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் அவன் உடம்பு தனியாக வேலை பார்க்க வேண்டி வந்தது. கொடி ரத்தத்தில் லூசினைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘நார்மல்’ என்று அறிக்கை வரும். நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். இரண்டு நாள் கழித்து அதே கதை திரும்பலாம்.

சாதாரணக் குழந்தைகளுக்கு, பால் குடிக்கத் தொடங்கிய பிறகு, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் குதிகாலிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். உங்கள் குழந்தைக்கு அதற்கும் முன்னாலேயே தொடங்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

‘நூற்றுக்கும் மேற்பட்ட நோய்’ என்ற கணக்கிலும் மயங்க வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு நோய்க்குச் சரியான நேரத்தில், வேகமாக வரும் விடை. லூசின், ஐசோலூசின், இந்த நோயில் ஐசோலூசினிலிருந்து உருவாகிச் சேரும் அல்லோஐசோலூசின், மூன்றும் ஒரே எடை கொண்டவை. வழக்கமான டாண்டம் மாஸ் பரிசோதனையால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அல்லோஐசோலூசின் கூடியிருக்கிறது என்று தனியாகப் பிரித்துக் காட்டினால்தான் இந்த நோய் உறுதியாகும். அதற்கு அமினோ அமிலங்களைப் பிரித்து அளக்கும் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பரிசோதனை வேண்டும்.

இன்னும் விரிவாக, முன்கூட்டிப் பட்டியல் போடாமல் நூற்றுக்கணக்கான பொருள்களை அலசும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் பேய்லர் மருத்துவக் கல்லூரி இதை நோயாளிகளுக்கே பயன்படுத்துகிறது. 2021-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், சந்தேகத்தோடு அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு இந்த முறையில் நோய் பிடிபட்டது. பழைய முறையில் அது 1-க்குச் சற்று மேலேதான். நல்ல முன்னேற்றம், எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மீதி 93 பேருக்கு அதிலும் நோய் எதுவும் பிடிபடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தப்பாக ‘நோய் இருக்கிறது’ என்று வருவதும் உண்டு. குறைமாதக் குழந்தை, சிரை வழியாக அமினோ அமிலச் சத்து ஏற்றப்பட்ட குழந்தை, சில ஆன்டிபயாடிக் மருந்துகள் எல்லாம் முடிவைக் குழப்பும். தாய்க்கு பி12 வைட்டமின் குறைந்திருந்தால் குழந்தையின் ரத்தம் வேறொரு பிறவி நோய் இருப்பதுபோலக் காட்டும். நம் ஊரில் இது அடிக்கடி பார்க்கிற விஷயம். உங்கள் பி12 அளவை இப்போதே பார்த்துவிடுங்கள்.

சொந்தத்தில் கட்டியது பற்றி

ரத்த வகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரத்த வகை வேறாக இருந்தால் சொந்தத்தில் கட்டலாம் என்ற நம்பிக்கையை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். படித்தவர்களும் சொல்கிறார்கள். ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு வேறு, இந்த நொதியை உருவாக்கும் மரபணுக்கள் வேறு.

ஒவ்வொரு மரபணுவிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால்தான் நோய். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் சராசரியாகக் கால்பங்கு மரபணுக்கள் பொது. உங்கள் கணவரிடமும் உங்களிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதனால்தான் கூடுகிறது. அந்தப் பழுது அம்மாச்சி வழியாகவோ தாத்தா வழியாகவோ, தெரியாமலே, யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல் இறங்கி வந்திருக்கலாம். இதில் யாரும் தப்பு செய்யவில்லை. நீங்களும் இல்லை, அவரும் இல்லை, கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களும் இல்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலான தம்பதிகளுக்கு ஆரோக்கியமான குழந்தைகள்தான் பிறக்கின்றன.

முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இனி வராது என்பதும் சரியில்லை. முதல் குழந்தைக்கு இருந்தது இந்த நோய்தான் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு புதிதாகவே இருக்கும். சீட்டுக்கட்டை ஒவ்வொரு தடவையும் கலைத்துப் போடுவது மாதிரி. அதையே திருப்பிப் பாருங்கள். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு, இந்தக் குழந்தைக்கு நோய் இல்லாமல் இருப்பதற்கு. ஆணா பெண்ணா என்பதால் இந்த நோயில் வித்தியாசம் கிடையாது.

முதல் வேலை: அந்த அட்டை

கடிதத்தின் நடுவில், மூன்றாம் நாள் காலையில் தைராய்டு பார்க்க என்று சொல்லிக் குதிகாலில் குத்தி ஒரு தாளில் ரத்தம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. அந்தத் தாளைத்தான் அட்டை என்கிறேன், அதில் நான்கைந்து வட்டங்கள் இருக்கும். பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வட்டத்தை வெட்டியிருப்பார்கள், மீதி ரத்தம் தாளிலேயே இருக்கும். சில ஆய்வகங்கள் அட்டைகளைச் சில வருடங்கள் பத்திரப்படுத்துகின்றன. உலர்ந்த ரத்தத்தில் டிஎன்ஏ வருடக்கணக்கில் தாங்கும். அந்த அட்டை கிடைத்தால், உங்கள் மகனுக்கு என்ன இருந்தது என்பதை அவனுடைய ரத்தத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளை 3 வருடம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ல் வந்த இந்திய மருத்துவ கவுன்சில் விதி. உங்களுக்கு இன்னும் அந்தக் கெடு தாண்டவில்லை. விதி பதிவேடுகளைப் பற்றியது, அட்டையைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. அதனால் அதே கடிதத்தில், அட்டை எந்த ஆய்வகத்துக்குப் போனது, மீதி ரத்தம் இருக்கிறதா, இருந்தால் அழிக்காமல் எங்கள் ஒப்புதலோடு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். நீங்கள் தேடுவது விடை என்று புரிந்தால் பெரும்பாலும் உதவுவார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே பார்ப்பதா

இந்த நோயைப் பொறுத்தவரை பனிக்குட நீரில் வேதிப்பொருள்களை அளந்து நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. வேறு சில நோய்களில் அது முடியும், அதனால் விளம்பரத்தில் அப்படிப் போட்டிருக்கலாம். உங்களுக்கு மரபணு வழியே சரியான வழி. அட்டை கிடைத்தால் மகனுடைய ரத்தத்தில், கிடைக்காவிட்டால் உங்கள் இருவர் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த நொதியை உருவாக்கும் மூன்று மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் இருவருக்கும் ஒரே பழுது தெரிந்தால், பனிக்குட நீரில் இருக்கும் குழந்தையின் செல்களில் அதைத் தேடலாம். நீர் எடுப்பதை 16 வாரம் முடிந்த பிறகு செய்வார்கள். கருக்கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

தம்பதிக்கான மரபணுப் பரிசோதனை முடிவு வரவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். பழுது தெளிவாகத் தெரியாமல், ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்று அறிக்கை வரும் வாய்ப்பும் இருக்கிறது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

குழந்தைக்கு நோய் இருப்பது தெரிந்தால் என்ன செய்வது என்பது உங்கள் இருவருடைய முடிவு. கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டப்படி 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு வழி இருக்கிறது. அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும். கலைக்க மாட்டோம் என்று இப்போதே முடிவு செய்திருந்தாலும் பரிசோதனை வீண் இல்லை. பிரசவத்தன்றே சிகிச்சையைத் தொடங்க அது உதவும். வேண்டவே வேண்டாம், பிறந்த பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்பதும் நியாயமான முடிவுதான். அப்படி என்றால் கீழே சொல்வதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பரிசோதனைக்குப் போகும் இடம் பதிவுபெற்ற மரபணு மையமா என்று பாருங்கள். பிறவி வளர்சிதை மாற்ற நோய்க்காகப் பார்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்பதையும் சொல்வதையும் அனுமதிக்கவில்லை.

பிரசவ நாளில்

பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற, அமினோ அமில முடிவை ஒரே நாளில் வாங்கித் தரக்கூடிய மருத்துவமனையை ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். குழந்தைக்கு 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மா அமினோ அமிலப் பரிசோதனை செய்ய வேண்டும். லூசின் அதற்குள்ளேயே ஏறத் தொடங்கிவிடும். முதல் முடிவு சரியாக இருந்தாலும் பால் குடிக்கத் தொடங்கிய பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

முடிவு வரும் வரை எவ்வளவு பால் கொடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவதா என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைப்பார். பட்டினி போட்டால் லூசின் குறையும் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. சாப்பாடு இல்லாத குழந்தையின் உடம்பு தன் தசையையே உடைக்கும், அதில் இருக்கும் லூசினும் ரத்தத்தில் சேரும். சக்திக்குத் தேவையான சர்க்கரை உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் இருந்தாலும் அளந்து கொடுக்கத் தாய்ப்பால் வேண்டியிருக்கும். பிரசவம் நெருங்கும்போது வெந்தயம் வேண்டாம், அந்த ஒரு வாசனையைக் குழப்பாமல் விட்டுவைப்போம்.

சிகிச்சை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும் குழந்தைகளாக வளர்கிறார்கள். லூசின் நீக்கிய பால்மாவு, அளந்த புரதம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இது வாழ்நாள் முழுக்கத் தொடரும். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்ல தீர்வாக இருக்கிறது. சுலபம் என்று சொல்ல மாட்டேன். பால்மாவு செலவு சாதாரணக் குடும்பத்தைச் சாய்த்துவிடும். அதற்காகத்தான் 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கை பற்றித் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். இந்த நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அப்படி ஒரு மையம். மரபணு ஆலோசனைக்கும் அங்கே போகலாம்.

போகும்போது முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் அறிக்கை, கல்ச்சர் முடிவு, இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் சின்ன வயதில் தவறிய குழந்தைகளின் விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வாசனை எந்த நாள் தொடங்கியது, காதுக் குறும்பியிலும் அடித்ததா என்று மருத்துவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.